பதினோராம் பக்கத்தில் ஒரு ‘ன்’

ஒரு மனிதர் எத்தனை வயதில் ‘அவர்’ ஆகிறார்? இந்தக் கேள்வியைக் கட்டிக்கொண்டு மாரடித்ததில்தான் பிழை அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது என்று அவள் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர் என்னவோ உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பு என்ன செய்யும், பாவம்.

பிழை அக்கா என்பது பதிப்பகத்தார் வைத்த பெயர். மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பக்கம் பக்கமாகப் படித்து, விட்டுப்போன புள்ளியை வைத்து, வழிதவறிய கொம்பை இடம் மாற்றி, ‘பணிவு’ எங்கேயும் ‘பனிவு’ ஆகிவிடாமல் காவல் காப்பது. இருபத்தாறு வருடமாக, புத்தகக் கட்டு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கும் மூலையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேஜையின் ஒரு கால் குட்டை. விற்காமல் திரும்பி வந்த ஒரு சமையல் புத்தகம்தான் அதற்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். மாதம் மூன்று சிவப்புப் பேனா தீரும். வீட்டுக்கு வரும் மருந்துப் பெட்டியைக்கூட விட்டு வைக்கமாட்டாள். ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்பதில் ஒரு புள்ளி இல்லையென்றால் வைத்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பாள்.

அவளுக்கென்று இருந்த பெருமை ஒன்றே ஒன்று. அவள் கை பட்டு வெளியே போன எந்தப் புத்தகத்திலும் பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டியதில்லை. தெரியும்தானே, அச்சானபின் தப்பைக் கண்டுபிடித்து, ‘இன்ன பக்கத்தில் இன்னதை இன்னவாறு திருத்திப் படிக்கவும்’ என்று ஒரு சின்னத் தாளை ஒட்டி அனுப்புவார்களே, அது. மற்ற பதிப்பகத்துப் புத்தகங்களில் அந்தச் சீட்டைப் பார்த்தால், அடுத்த வீட்டில் பால் பொங்கி வழிவதைப் பார்ப்பதுபோல் உச்சுக்கொட்டுவாள்.

இப்படி இருந்தவளிடம் ‘நாட்டை உருவாக்கியவர்கள்’ வந்து சேர்ந்தது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு புத்தகங்கள். ஒவ்வொன்றும் தொண்ணூற்றாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். முதல் புத்தகம் நாட்டின் முதல் தலைவருடையது. எழுத ஒப்புக்கொண்ட எழுத்தாளர் தலைவரைப் பிறக்க வைத்ததோடு வெளிநாடு போய்விட்டார். “மிச்சத்தை நீங்களே எழுதிடுங்கக்கா, உங்களுக்குத் தெரியாத தமிழா” என்றார் முதலாளி. பெயர் போடுவதைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எழுதினாள். ரசித்து எழுதினாள். சின்ன வயது முழுக்கத் தலைவர் ‘அவன்’. ஓடினான், விழுந்தான், கணக்கில் முட்டை வாங்கினான். பதினைந்தாம் வயதில் ஒரு கூட்டத்தில், பேச வேண்டியவர் வராமல் போக, பையன் மேடை ஏறிப் பேசுகிறான். அந்த இடத்துக்காக நாலு நாள் பேனாவைக் கடித்து ஒரு வரி எழுதினாள்: ‘அன்று மேடை ஏறியவன் அவன், இறங்கியவர் அவர்.’ எழுதி முடித்துவிட்டு, யாரும் இல்லாதபோது இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

நூலகங்களுக்குப் போகிற புத்தகம் என்பதால் பார்வைக் குழு ஒன்று ஒப்புதல் தர வேண்டும். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எவர் பெயரையும் முன்னால் ஒரு பட்டம் சேர்க்காமல் அவர் உச்சரித்ததே கிடையாது என்பதால் பதிப்பகத்தில் அவருக்கு அடைமொழியார் என்று பெயர். அவருடைய கடிதம் வந்தது: ‘நாட்டின் முதல் தலைவரை எப்பருவத்திலும் ஒருமையில் குறிப்பது ஏற்புடையதன்று. கருவுற்ற நாள் முதல் மரியாதைப் பன்மையே கையாளப்பட வேண்டும்.’

கருவுற்ற நாள் முதல்! அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியானால் தலைவர் தவழ்ந்தார், மண்ணைத் தின்றார், தூக்கியவர்களின் மடியை நனைத்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் என்ன செய்யும்? நேரில் போய் மன்றாடினாள்.

“சார், ஆறு வயசுப் பையன் சார்.”

“உங்களுக்குப் பையன். நாட்டுக்கு?”

“அப்ப நாடே கிடையாதே சார். இவரு வளர்ந்துதானே உருவாக்கணும்?”

அடைமொழியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஓவியருக்கு இதைவிட மோசம். ஆறு வயதுத் தலைவரை மூன்று முறை வரைந்தார். மூன்று முறையும் ‘சாயல் போதவில்லை’ என்று திரும்பி வந்தது. நாலாவது முறை, வந்தது வரட்டும் என்று அகன்ற நெற்றியும் வட்டக் கண்ணாடியும் போட்டு அனுப்பினார். உடனே ஒப்புதல். அரைக்கால் சட்டைக்கு மேல் ஓய்வுபெற்ற நீதிபதியின் முகம். “பக்கத்துல ஒரு கைத்தடி வரையலாமான்னு கேட்டுச் சொல்லுங்கக்கா” என்றார் ஓவியர் வயிற்றெரிச்சலோடு.

கடவுளையே வா, போ என்று கூப்பிடுகிற மொழி இது. எதிரியென்றால் தொண்ணூறு வயதானாலும் ‘அவன்’தான். நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் பிள்ளைகள். அக்காவுக்கு இது புத்தக விஷயமாக மட்டும் இல்லை. அவள் மகன் ஓர் அலுவலகத்தில் முப்பது பேருக்கு மேலதிகாரி. ஒருநாள் மதியம் போன் செய்து “சாப்பிட்டியாடா?” என்றாள். அவன் அப்போது போனை மேஜைமேல் வைத்து, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்திருக்கிறான். சாயங்காலம் வந்து, “அம்மா, ஆபீஸ் நேரத்துல டா போடாதம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றான். சரிடா என்றாள். அதற்கப்புறம் அலுவலக நேரத்தில் அவனுக்குப் போன் செய்வதையே விட்டுவிட்டாள்.

தலைவரின் குழந்தைப் பருவத்தைச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம் இருந்தார். அவருடைய மூத்த அக்கா. தொண்ணூற்று மூன்று வயது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இரண்டாவது மாடியில், பேருந்துகள் உறுமும் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பேசியே பழகியவர். ஊரே பெரியக்கா என்று கூப்பிடும். கையளவு பூதக்கண்ணாடி ஒன்றைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். பிழை அக்கா முதல்முறை போய், “தலைவர் சின்ன வயசுல எப்படி இருப்பாங்க?” என்று பணிவாகக் கேட்டாள்.

“எந்தத் தலைவரு?”

“உங்க தம்பி.”

“ஓ, அவனா! அவன் ஒரு அழுமூஞ்சி.”

அந்த ஒரு வார்த்தையில் பிழை அக்கா சொக்கிப்போனாள். ஆறு வயதில் முதல் பல் விழுந்தபோது, இனி எல்லாப் பல்லும் வரிசையாக விழுந்துவிடும், வாயைத் திறந்தால் ஆபத்து என்று நினைத்து, அவன் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் சாப்பிடாமல் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தானாம். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைத்தது பெரியக்காதான். பிற்காலத்தில் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசிய வாய் அது.

“இதை எழுதட்டுமா பெரியக்கா?”

“எழுது. ஆனா அழுதான்னு எழுது.” கிழவி பூதக்கண்ணாடியைத் துடைத்தார். “அழுதாருன்னு எழுதினா அது யாரோ. இங்க பாரும்மா, அவனை அவன்னு சொன்னவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அப்பா, அம்மா, கூட விளையாடினதுங்க, எல்லாம். இப்ப நான் ஒருத்திதான் பாக்கி. நானும் போயிட்டா இந்த நாட்டுல அவனை அவன்னு சொல்ல ஆள் கிடையாது. புத்தகத்துல ஒரே ஒரு எடத்துலயாவது இருக்கட்டும். செய்வியா?”

“செய்யறேன் பெரியக்கா” என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

குழு அந்தச் சம்பவத்தை ஒப்புக்கொண்டது. நேரில் கண்டவர் சொன்னதாயிற்றே. ஆனால் ‘முதல் பல் விழுந்தபோதும் கலங்காது அமர்ந்திருந்தார்’ என்று மாற்றச் சொன்னது. மூன்று வாரம் கடிதத்துக்குக் கடிதம் எழுதி, ‘கலங்காது’வை ‘கண் கலங்கினார்’ ஆக்கி, ‘கண் கலங்கினார்’ என்பதை ‘அழுதார்’ ஆக்கினாள். அதற்குமேல் ஓர் எழுத்துகூட நகரவில்லை. எல்லாம் கிடைத்தது, கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. அத்தனை நாள் அவள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். டாக்டர் சொன்ன உப்பு விவகாரம் அங்கேதான் வந்தது.

இதற்கிடையில் புத்தகம் வேறு இடங்களில் இன்னும் ‘அவன்’ ஆகவே இருந்தது. திருத்த மனமில்லாமல் நாளைக்கு, நாளைக்கு என்று அக்கா தள்ளிப்போட்டாள். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, கணினியில் பக்கம் கட்டுகிறவரைக் கூப்பிட்டு, “எல்லா அவனையும் அவர் ஆக்கி மிஷினுக்கு அனுப்பிடு, அக்காகிட்ட காட்டவேணாம், மறுபடியும் ஆரம்பிப்பாங்க” என்று சொல்லிவிட்டார். பக்கம் கட்டுகிறவருக்கு அவசரம் என்றே பெயர். கணினியில் ‘ான்’ என்று இருக்கிற இடமெல்லாம் ‘ார்’ ஆக்கு, ‘வன்’ என்று இருக்கிற இடமெல்லாம் ‘வர்’ ஆக்கு என்று இரண்டே கட்டளை கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அச்சுக்கூடத்திலிருந்து மிஷின்காரர் போன் செய்தார்.

“அக்கா, ஒரு சந்தேகம். நார்னா என்ன?”

“நாரா? பூக்கட்டற நாரா?”

“தலைவர் பேசறாரு, ‘நார் கேட்பது உங்கள் கைகளை அல்ல, உங்கள் மனங்களைத்தார்’னு போட்டிருக்கு. கவிதையாக்கா?”

அக்கா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். முந்நூறு தாள்தான் அச்சாகியிருந்தது. மிஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். தலைவர் நார்கு வயதில் பள்ளி சேர்ந்தார். வர்முறை வேண்டாம் என்றார். சிறையில் அவரைக் கன்னத்தில் அறைந்த காவலாளியும் அறைந்தார். அவர் பெட்டியைத் திருடியவனும் ஓடினார். ஒரே கட்டளையில் நாட்டில் இருந்த களவாணிப் பயல்களெல்லாம் பெரிய மனிதர்கள் ஆகியிருந்தார்கள். அப்புறம் அந்த வரி. ‘அன்று மேடை ஏறியவர் அவர், இறங்கியவர் அவர்.’ ஏறினார், இறங்கினார். அவ்வளவுதான். மாடிப்படிக்குச் சொல்கிற கதை. நாலு நாள் கடித்த பேனா அவளுக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பழைய கோப்பு இல்லை. அவசரம் அதன்மேலேயே சேமித்திருந்தார். கையால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது தவிர வேறு வழியில்லை. அன்று பகல் முழுக்க அக்காவும் அவசரமும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவசரம் ஒவ்வொரு இடமாக நிறுத்திக் கேட்பார், இவள் சொல்வாள்.

“நார்?”

“நான்.”

“அறைந்தார்?”

“அறைந்தான். அவனுக்கென்ன மரியாதை.”

“வார்?”

“வான். நீலவான்.”

பதினோராம் பக்கம் வந்தது. திரையில் அரைக்கால் சட்டை போட்ட நீதிபதி மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் ஆறாவது வரியில்: ‘விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.’

“இது தலைவரோடது. விட்டுடலாமாக்கா?”

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். இன்னும் சில பக்கம் தள்ளி மேடை வரியும் காத்திருக்கிறது. அதையும் திருப்பிவிட்டால் என்ன? ஆனால் இருபத்தாறு வருடத் தொழில் அவளுக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருந்தது. ஒரு ‘ன்’ தப்பினால் அச்சுப்பிழை என்பார்கள். இரண்டு ‘ன்’ தப்பினால் சதி என்பார்கள். ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று அவளுடைய வரி, இன்னொன்று அவள் கொடுத்த வாக்கு.

“ன் போடு.”

அவசரம் திரும்பிப் பார்த்தார். “தலைவரோடதுக்கா.”

“எனக்குத் தெரியாதா? ன்னுன்னா ன். போட்டுட்டு அடுத்ததுக்குப் போ.”

மேடை வரி வந்தபோது, “விடு, அப்படியே இருக்கட்டும்” என்றாள். சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, அதே சுவர்தான்.

புத்தகம் வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் அடைமொழியார் மேடையில் உட்கார்ந்தபடியே புரட்டினார். பத்துப் பக்கம் நன்றாகப் போயிற்று. பதினொன்றில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை அக்கா கடைசி வரிசையிலிருந்து பார்த்தாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

“என்னக்கா இது? நானூறு எடத்தைச் சரி பண்ணிட்டு இதுல போய்க் கோட்டை விட்டிருக்கீங்க?”

வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மிச்சம் பதினொரு புத்தகமும் போகும். அவசரத்தின் வேலையும் போகும். “கவனிக்கலைங்க” என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. எரிச்சலில் காது மடல் சுட்டது.

“சீட்டு ஒட்டித்தான் அனுப்பணும்னு குழு சொல்லிடுச்சு. வாசகத்தை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதினாள். பதிப்பகத்தில் கால் நூற்றாண்டு உட்கார்ந்து அவள் எழுதிய முதல் பிழைத்திருத்தச் சீட்டு, அந்தப் புத்தகத்திலேயே சரியாக இருந்த ஒரே சொல்லுக்கு. ‘பக்கம் 11, வரி 6: “அழுதான்” என்பதை “அழுதார்” என்று திருத்திப் படிக்கவும். மெய்ப்புத் திருத்துநரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்.’ எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் பிழை இருக்கிறதா என்று மறுபடி படித்துப் பார்த்தாள். பிழை இல்லை. அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது. தலைவரைப் பற்றி எழுதிய பக்கங்களில் எங்கேயும் அவள் இல்லை. இந்தச் சீட்டில் மட்டும் இருந்தாள். மூன்று நாள் கட்டு அறையில் உட்கார்ந்து சீட்டுகளை ஒட்டினார்கள். அவளும் ஒட்டினாள். விரலில் பசை காய்ந்து தோலோடு உரிந்தது.

பெரியக்காவுக்கு ஒரு பிரதி கொண்டுபோக வேண்டும். சீட்டு ஒட்டாத பிரதி ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டாள். பிறகு, அந்தக் கிழவியையும் ஏமாற்ற வேண்டுமா என்று தோன்றி, வைத்துவிட்டு ஒட்டியதையே எடுத்தாள். பணிமனைக்குப் பின்னால் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள்.

பெரியக்கா படத்தை முதலில் பார்த்தார். “யாருடி இவன், கெழட்டுப் பய? என் தம்பிக்கு அந்த வயசுல தலை நிறைய முடி.” பிறகு பூதக்கண்ணாடியை வரிகளின்மேல் நகர்த்தினார். ஆறாவது வரியில் நிறுத்தினார். கீழே ஒரு பேருந்து உறுமிவிட்டு வெளியே போனது.

“போட்டுட்ட” என்றார்.

“போட்டேன். ஆனா கீழ பாருங்க, ஒரு சீட்டு.” பிழை அக்கா சீட்டை விரலால் காட்டினாள். “அது தப்பு, என் கவனக்குறைவுன்னு ஒட்டிட்டாங்க. என் கையாலேயே எழுத வச்சாங்க பெரியக்கா. அத்தனை பிரதியிலயும். குடுத்த வாக்கைக் காப்பாத்தவும் தெரியலை, வாயைத் திறந்து சண்டை போடவும் தெரியலை எனக்கு.” சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. துக்கத்தில் வந்த கண்ணீர் இல்லை அது, ஆத்திரத்தில் வந்தது.

பெரியக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பூதக்கண்ணாடியைச் சீட்டின்மேல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பிழை அக்கா பக்கத்தில் போனாள். கிழவி சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, திருத்திப் படிக்கணும்னா மொதல்ல அழுதான்னு படிச்சாகணும்ல?”

“ஆமா.”

“எந்தப் பிள்ளையாவது இந்தச் சீட்டைப் பார்த்துட்டு அந்த வரியைத் தேடிப் படிக்காம இருக்குமா?” அவர் விரல் முதலில் ஆறாவது வரியைத் தொட்டது, பிறகு சீட்டைத் தொட்டது. “ஒரு எடத்துல போடச் சொன்னேன். ரெண்டு எடத்துல போட்டிருக்கியேடி.”